நான் கொடுத்த பாவம்

செப்டம்பர் 3, செவ்வாய்

டாக்டரம்மா ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். என்றைக்கு எவ்வளவு ரத்தம் போகிறது, கட்டி விழுகிறதா, தலை சுற்றுகிறதா, அவ்வளவுதான். மகள் ஷைனியின் பள்ளியில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. அதில் எழுதுகிறேன். இன்று முப்பத்தெட்டாவது நாள். போக்கு அதிகம். கட்டி உண்டு. தலைசுற்றல் உண்டு.

கோபம் உண்டு. அதை டாக்டரம்மா எழுதச் சொல்லவில்லை. நானாக எழுதுகிறேன்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, ஆண்டவரின் நினைவாக எல்லோரும் அப்பம் எடுப்பது. அதற்கான அப்பத்தைப் பன்னிரண்டு வருஷமாக நான்தான் சுடுகிறேன். கோதுமை மாவு, தண்ணீர், ஒரு சொட்டு எண்ணெய். புளிப்பு கிடையாது. அதற்கென்று தனித் தோசைக்கல், தனித் துணி. நேற்று முன்தினம் ஞாயிறு காலை சபைச் சமையலறையில் அப்பத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது கண் இருட்டி விழுந்துவிட்டேன். பாஸ்டரம்மா ஓடிவந்து தூக்கினார். தூக்கும்போது என் வெள்ளைச் சேலையின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டார்.

"எத்தன நாளா நவமணி?"

சொன்னேன்.

அவர் என்னைத் தண்ணீர் குடிக்கச் சொல்லவில்லை. தட்டைத்தான் எடுத்தார். அறுபது பேருக்கான அப்பம். பின்வாசல் வழியாகக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார். கடையில் பன் வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். புளிப்பு போட்ட பன்! அது பரவாயில்லையாம்.

பாஸ்டர் கிதியோன் வாசலில் நின்றே சொன்னார், "நியாயப்பிரமாணம் தெரிஞ்சவங்க நீங்க. தீட்டோட கர்த்தருடைய அப்பத்தத் தொடலாமா சிஸ்டர்?"

ஆகஸ்ட் நாலாம் தேதியும் இப்படித்தான் இருந்தேன். அன்றும் நான்தான் சுட்டேன். அத்தனை பேரும் தின்றார்கள். பாஸ்டரும் தின்றார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

செப்டம்பர் 5, வியாழன்

போக்கு மிக அதிகம். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஈரல். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் வயிறு கட்டிக்கொள்கிறது. லாரித் தண்ணீர் வரவில்லை. இந்த நிலையில் துணி அலச இரண்டு குடம்தான் இருக்கிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு

பின்பெஞ்சில் உட்கார்ந்தேன்.

தெரியாதவர்கள் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். பெண்கள் பக்கம் கடைசியில், செருப்பு விடும் இடத்தை ஒட்டி ஒரு பெஞ்சு. தூரமான நாட்களில் பெண்கள் அதில் உட்கார வேண்டும். பாட்டுப் பாடலாம், ஜெபிக்கலாம். திருவிருந்து எடுக்கக் கூடாது, தட்டு டம்ளர் தொடக் கூடாது. மேலே ஃபேன் கிடையாது. பக்கத்தில் ஷைனி. அவளுக்கு இரண்டாம் நாள்.

"வாங்க மேடம்," என்று தள்ளி இடம் கொடுத்தாள். "எங்க ஏரியாவுக்கு நல்வரவு."

அவளை முறைத்தேன். அவளுடைய தேதிகளை நான்தான் காலண்டரில் சிவப்புப் புள்ளி வைத்துக் கவனிக்கிறேன். அவள் மறந்துபோய் முன்னால் போனால் கண்ணாலேயே பின்னுக்கு அனுப்புவேன். பெண்கள் பக்கத்து ஒழுங்கு என் பொறுப்பு. யாரை எங்கே உட்கார வைப்பது என்று பார்ப்பது. பொறுப்பு என்று ஒன்று கொடுத்தால் செய்யத்தானே வேண்டும்.

பாஸ்டர் பரிசுத்தத்தைப் பற்றிப் பேசினார். பேசும்போது என் பக்கம் பார்க்கவேயில்லை. யாரைச் சொல்கிறார் என்று தெரிய அதுவே போதும்.

மதியம் பாஸ்டர் வீட்டில் றால் தொக்கு. வாசம் தெருவரை வந்தது. தீட்டைச் சொல்லும் அதே நியாயப்பிரமாணச் சட்டத்தில், அடுத்தடுத்த பக்கத்தில், செதிள் இல்லாதது எதையும் தின்னாதே என்று எழுதியிருக்கிறது. றாலுக்கு எங்கே செதிள்? தூத்துக்குடியில் பிறந்த எனக்கா தெரியாது! றால் மட்டும் சிலுவையால் சுத்தமாகிவிட்டது. நான் ஆகவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன். கர்ப்பப்பையில் கட்டி. பெரியது ஒன்று, சிறியது மூன்று. ரத்தம் ஆறு புள்ளி இரண்டுதான் இருக்கிறதாம். "இதோட எப்படிம்மா நடமாடுதீங்க?" என்றார் டாக்டரம்மா. ரத்தம் ஏற்றி, பிறகு ஆபரேஷன். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும்.

வார்டு ஸ்டாஃப் நர்ஸ் எப்சிபா. முன்பு எங்கள் சபையில் இருந்தவள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போய்விட்டாள். காரணம் எனக்குச் சரியாகத் தெரியாது. என் சீட்டை வாங்கிப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். "வயசு நாப்பத்தி நாலா?" என்று மட்டும் கேட்டாள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

நேற்று எழுதியது சரியில்லை. காரணம் தெரியும். சபையில் எல்லோருக்கும் தெரியும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. எழுந்து நிற்க முடியவில்லை. ஆராதனை முடிந்ததும் பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். ஆசீர் நாற்காலி எடுத்துப்போட்டார். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எத்தனை டன் சரக்கையும் அசையாமல் தூக்கி இறக்குவார். பாஸ்டர் முன்னால் மட்டும் கை கால் எல்லாம் தடுமாறும்.

"ஐம்பது நாளைக்கு மேல ஆயிருச்சு," என்றார் பாஸ்டர். "இது சரீர வியாதி மட்டுமில்ல சிஸ்டர். மறைஞ்சிருக்கிற பாவம் ஏதாவது உண்டான்னு ஆராய்ஞ்சு பாருங்க. உபவாசம் இருந்து அறிக்கை பண்ணுங்க."

"ரத்தமே இல்லங்காங்க டாக்டர். இதுல உபவாசம் வேறயா?"

"நவமணி," என்றார் ஆசீர், வாயை மூடு என்ற அர்த்தத்தில்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். 

"பாஸ்டர், சுவிசேஷத்துல பன்னண்டு வருஷம் ரத்தம் நிக்காம பெரும்பாடுள்ள அந்த ஸ்திரீ கூட்டத்துக்குள்ள புகுந்து ஆண்டவரைத் தொட்டாளே. அவர் அவள 'பின்பெஞ்சுக்குப் போ'ன்னு சொன்னாரா? மகளேன்னுல்லா கூப்பிட்டாரு?"

"அவ பயந்து நடுங்கிட்டு வந்தா. நீங்க எதிர்த்துப் பேசிட்டு வாரீங்க."

"போன மாசம் உங்க வீட்டுக் கூட்டத்துக்கு ரெண்டு கிலோ றால் உரிச்சுக் குடுத்தது நான்தான். அந்தச் சட்டத்துல றால் தின்னலாமா?"

பாஸ்டரம்மா எழுந்துவிட்டார். பாஸ்டர் எழவில்லை. மெதுவாகச் சிரித்தார்.

"சட்டத்தை எங்களுக்குச் சொல்லித் தராதீங்க சிஸ்டர். பெண்கள் பக்கத்துல அதை உங்களப்போல காத்தவங்க யாரும் கிடையாது. எப்சிபா விஷயத்துல நீங்க காட்டின வைராக்கியத்தை நான் பிரசங்கத்துலயே சொல்லியிருக்கேன்."

 காபி ஆறிப்போய்விட்டது. அவர்கள் குடிக்காமல் போனார்கள்.

"யாருப்பா எப்சிபா?" என்று ஷைனி கேட்டாள். ஆசீர் என்னைப் பார்த்தார். நான் டம்ளரைக் கழுவப் போனேன்.

செப்டம்பர் 30, திங்கள்

வார்டில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு பாட்டில் ரத்தம். ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. எப்சிபா மூன்றாம் தடவையில் எடுத்தாள். அவள் விரல் வேலையில் சுத்தம். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தபோது எனக்கு வேர்த்தது. நானும் ஒருமுறை அவள் கையைப் பிடித்திருக்கிறேன்.

அதை எழுதிவிடுகிறேன்.

அது ஒரு திருவிருந்து ஞாயிறு. அவளுக்குக் கல்யாணமாகிப் பத்து மாதம். திருவிருந்துக்கு வரிசையில் நின்றாள். சேலையில் கறை பட்டிருந்தது. நான் போய்க் கையைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே அழைத்து வந்தேன்.

அழைத்து வரவில்லை. இழுத்து வந்தேன். செருப்புகளின் நடுவில் நிறுத்தினேன்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை, சபையின் ஒழுங்கு அப்படி. அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

அக்டோபர் 2, புதன்

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் பிள்ளை பெற்று மூன்று நாள். அவளுடைய மாமியார் குளிப்பாட்டித் தலை துவட்டுகிறார். இந்த வார்டு முழுக்க ரத்தம். யாரும் யாரையும் எட்டி நிற்கச் சொல்வதில்லை.

வேதம் வாசித்தேன், பவுல் சபைக்குக் கடிதமாக எழுதிய நிருபத்தை. எத்தனையோ தரம் வாசித்த பகுதிதான். சட்டம் என்பது பிள்ளை வளரும்வரை கூட நடந்த காவல்காரன் என்கிறார். பிள்ளை வளர்ந்து வீட்டுக்கு உரிமைக்காரி ஆனபிறகு காவல்காரனுக்கு அவள்மேல் என்ன அதிகாரம்? கிறிஸ்து உங்களை விடுதலையாக்கிவிட்டார், திரும்பப் போய் ஏன் கழுத்தை நுகத்தில் கொடுக்கிறீர்கள் என்று சத்தம் போடுகிறார். ஆமாம், சத்தம்தான். அந்த மனுஷனுக்கு எவ்வளவு கோபம்! இத்தனை வருஷம் இதைப் பதமாக, ராகமாக, கண்ணை மூடிக்கொண்டு வாசித்திருக்கிறேன். எங்கள் பாஸ்டர் இதைப் பிரசங்கித்து நான் கேட்டதில்லை.

அப்புறம் இன்னொரு இடம் வந்தது. அந்தச் சுயாதீனத்தைப் பாவம் செய்ய ஒரு சாக்காக வைத்துக்கொள்ளாதீர்கள், அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யுங்கள் என்று.

அங்கே மூடி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

திருவிருந்து. ஆசீர் போய்விட்டு நேராக வார்டுக்கு வந்தார். அப்பம் சுட்டது பாஸ்டரம்மாவின் தங்கச்சியாம். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் கருகல்," என்றார்.

சந்தோஷமாக இருந்தது. மறைக்கவில்லை.

அக்டோபர் 9, புதன்

எப்சிபா மாத்திரை கொடுக்க வந்தாள். பக்கத்துக் கட்டில் காலி. அவளிடம் ஏதாவது பேச வேண்டும்போல் இருந்தது. "மாப்பிள்ளை நல்லா இருக்காரா?" என்று கேட்டுவிட்டேன். இப்படி ஒரு கேள்வி என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவளுக்கு மாப்பிள்ளை இல்லை. அந்த வருஷமே தீர்த்துவிட்டார்கள். அவன் வேறு கல்யாணம் பண்ணி, இரண்டு பிள்ளைகளோடு எங்கள் சபையில்தான் நாலாவது வரிசையில் உட்காருகிறான். அந்தக் கல்யாணத்துக்கு நான் பந்தி பரிமாறினேன்.

எப்சிபா மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நான் கலைக்கல," என்றாள். "கலைஞ்சிருச்சு. நாலு மாசம். முந்தின நாள்தான். மனசு ஆறலைன்னு சபைக்கு வந்தேன். தண்ணி குடிங்க."

குடித்தேன். அவள் போய்விட்டாள்.

இனி இந்த நோட்டில் சுற்றி வளைத்து எழுதி என்ன பயன்? செருப்புகளின் நடுவில் நிறுத்தியபோது அவள் அழுதுகொண்டே சொன்னாள், "நேத்துதான் போச்சு, அக்கா." சத்தமாகத்தான் சொன்னாள். கடைசி இரண்டு வரிசையில் இருந்த பெண்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிள்ளையை இழந்து வந்தவளை இப்படி இழுத்து நிறுத்தினாளே என்று அவர்கள் கண் சொன்னது. என் கை இன்னும் அவள் மணிக்கட்டில் இருந்தது. எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா கேட்டார், "என்னாச்சு நவமணி, அந்தப் புள்ளைக்கு?"

"கலைச்சிட்டு வந்து நிக்கா," என்றேன்.

எனக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன். நான் அவளை இழுத்தது சரி என்று ஆக, அவளுக்கு ஒரு பாவம் தேவைப்பட்டது. அவளிடம் இல்லை. நான் கொடுத்தேன்.

நர்ஸ்தானே, அவளுக்குத் தெரியாதா என்று மற்றவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் அவள் மாமியார் வீட்டுக் காதுக்குப் போனது. அவள் துணிமணியை ஆட்டோவில் ஏற்றி அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஒரு வார்த்தையைத் திரும்ப எடுத்திருந்தால் போதும். பெண்கள் பக்கத்துப் பொறுப்பு எனக்கு அதற்கு அடுத்த மாதம்தான் கிடைத்தது.

அக்டோபர் 14, திங்கள்

நாளைக் காலையில் ஆபரேஷன். ஷைனி தலை பின்னிவிட்டாள். பயமில்லை. பயத்துக்கு இடமில்லாமல் கோபம் இருக்கிறது, என் மேல்.

அக்டோபர் 17, வியாழன்

வலி. காற்று பிரிந்தது. இட்லி ஒன்று கொடுத்தார்கள்.

பாஸ்டர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். ஜெபித்தார். கண்ணைத் திறந்ததும் முகமெல்லாம் சந்தோஷம்.

"கர்த்தர் ஒரு வழியை உண்டுபண்ணிட்டாரு, சிஸ்டர். இனி உங்களுக்கு அந்தத் தொல்லையே இல்ல. இனி நீங்க என்னைக்கும் சுத்தம். டிசம்பர் திருவிருந்துல இருந்து அப்பம் பழையபடி உங்க பொறுப்பு. சபை முன்னால ஒரு நல்ல சாட்சி சொல்லிட்டு ஆரம்பிங்க."

என்னைக்கும் சுத்தம். அந்த வார்த்தையைக் கேட்டதும் எழுந்து உட்கார முயன்றேன், தையல் இழுத்தது. ஆண்டவருடைய ரத்தம் இத்தனை வருஷம் செய்ய முடியாததை ஆபரேஷன் கத்தி செய்துவிட்டதா? நான் சுத்தமானது சிலுவையிலா, தியேட்டரிலா? கேட்கத்தான் நினைத்தேன். வாயைத் திறந்தால் வலியில் முனகல்தான் வந்தது. அவர் அதை ஆமென் என்று எடுத்துக்கொண்டார்.

ஆனால் உண்மையை எழுத வேண்டும். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், என் பழைய தோசைக்கல்லை நினைத்து மனசு குதித்தது. ஆசையாக இருந்தது. அதற்காகவும் என்மேல் கோபம்.

அக்டோபர் 19, சனி

இன்று எப்சிபாவிடம் சொன்னேன். கட்டு மாற்ற வந்திருந்தாள். அந்தப் பேச்சைக் கிளப்பியது நான்தான், வேறு யாருமில்லை என்றேன்.

"தெரியும்," என்றாள். பஞ்சை எடுத்துத் தொட்டியில் போட்டாள்.

"என்னை மன்னிச்சிரு எப்சிபா."

 பிளாஸ்திரியை அளந்து வெட்டி ஒட்டினாள். ஒரு மூலை சுருங்கியதும் எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டினாள்.

"எதுக்கு?"

"எனக்கு நிம்மதியே இல்ல."

"அப்போ உங்க நிம்மதிக்கு." அவள் குரல் உயரவில்லை. "முன்ன நீங்க சுத்தமா தெரியதுக்கு நான் அழுக்காகணும். இப்ப நீங்க சுத்தமாகதுக்கு நான் மன்னிக்கணும். நான் என்ன உங்க வீட்டு சோப்பா?"

நான் அழுதேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்கள மன்னிக்கதுக்கு ஆண்டவர் இருக்காரு. அவர்ட்ட கேளுங்க, குடுப்பாரு. அது அவரு இஷ்டம். என்ட்ட கேக்காதீங்க. நான் இன்னும் அவர்ட்டயே பேசுறதில்ல." வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். "தையலில தண்ணி படக் கூடாது. இருமினா தலையணைய வயித்துல அமுக்கிக்கோங்க."

எனக்குக் கோபம் வந்தது. உண்மை. இத்தனை இறங்கிக் கேட்டும் இப்படிச் சொல்கிறாளே என்று. அந்தக் கோபம் அடங்க மூன்று மணி நேரம் ஆனது. அடங்கிய பிறகு பார்த்தால், அவள் சொன்னதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

வீட்டில் ஓய்வு. ஷைனி சபைக்குப் போக மாட்டேன் என்றாள். அவளுக்கு நாள்.

"பின்பெஞ்சுல உக்கார மாட்டேம்மா. முன்னால உக்காந்தா நீங்க முறைப்பீங்க. அதான் போகலை."

"நான்தான் வரலியே, யாரு முறைக்கா?"

"நீங்க இல்லேன்னாலும் முறைக்க மாதிரியே இருக்கும்."

காலண்டரை எடுத்துக் கிழித்துப் போட்டேன். அவள் பயந்துவிட்டாள். அவள்மேல் கோபமில்லை என்று சொல்லி உட்கார வைத்து, எப்சிபா யார் என்பதைச் சொன்னேன். எல்லாவற்றையும். என் பிள்ளை என்னை அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை. நான் கையை நீட்டினேன். அவள் எழுந்து மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்துவந்து, மடித்து வைத்துவிட்டு, அப்புறம் கேட்டாள்:

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

நவம்பர் 21, வியாழன்

ஜெபம். மன்னிப்பு கேட்டேன். கிடைத்தது. எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் அதைச் சம்பாதிக்கவில்லை, அது மட்டும் தெரியும். உபவாசமில்லை, நேர்ந்துகொண்ட பொருத்தனையில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

நிம்மதி வரும் என்று நினைத்தேன். வந்தது வேறு. இனி ஒளிக்க வேண்டியதில்லை என்ற எண்ணம். மன்னிக்கப்பட்டவளுக்குப் பொய்யை வைத்துக்கொண்டு என்ன வேலை? பயந்தவளுக்குத்தான் அது வேண்டும்.

டிசம்பர் 1, ஞாயிறு

 நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அப்பம் சுடவில்லை. "சாட்சி முடிஞ்சப்புறம் பாக்கலாம்," என்று பாஸ்டரம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவர் தங்கச்சியே சுட்டாள். திருவிருந்துக்கு முன் சாட்சி நேரம். பாஸ்டர் என் பெயரைச் சொல்லி, கர்த்தர் சகோதரிக்குச் செய்த அற்புதத்தைக் கேட்போம் என்று மைக்கைக் கொடுத்தார். ஸ்தோத்திரம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்," என்றேன். "நான் சொல்ல வந்தது அதில்ல. ஒம்பது வருஷத்துக்கு முன்னால எப்சிபா இங்க திருவிருந்து வரிசையில நின்னா. நான் அவ கையைப் பிடிச்சு இழுத்து வெளிய நிறுத்தினேன். முந்தின நாள்தான் அவளுக்குப் பிள்ளை கலைஞ்சு போயிருந்துச்சு. அவ கலைச்சிட்டு வந்தான்னு உங்க எல்லாருக்கும் தெரியும். அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னது நான்."

நாலாவது வரிசையில் அவள் பழைய மாப்பிள்ளை தலையைத் தூக்கினான். பக்கத்தில் அவன் மனைவி பிள்ளையின் வாயைப் பொத்தினாள். பிள்ளை பேசக்கூட இல்லை.

"சிஸ்டர், இதைத் தனியா பேசிக்கலாம்," என்றார் பாஸ்டர்.

"சொன்னது தனியா இல்லியே பாஸ்டர். ஊருக்கே போச்சே."

மைக்கை நிறுத்திவிட்டார்கள். கர்ப்பப்பையைத்தான் எடுத்தார்கள், என் தொண்டையை யாரும் எடுக்கவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் பேசினேன்.

"ரத்தம் போனதுக்கு என்னைப் பின்பெஞ்சுல உக்கார வச்சீங்க. ரத்தம் பாவமில்ல. பொய்தான் பாவம். அந்தப் பொய்யோட ஒம்பது வருஷம் என்னை முன்னால உக்கார வச்சு, பொறுப்பும் குடுத்து, என் கையால அப்பமும் தின்னீங்க. எது தீட்டு? கிறிஸ்து எதுக்கு மரிச்சாரு? எங்கள விடுதலையாக்கத்தானே? திரும்ப எங்களக் கட்டி அந்தப் பெஞ்சுல போட உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

பாஸ்டர் கையைக் காட்டினார். கீபோர்டு சத்தமாக ஆரம்பித்தது. எல்லோரும் பாட எழுந்தார்கள், என் குரல் அதற்குள் போய்விட்டது. நான் போய்த் திருவிருந்து வரிசையில் நின்றேன். தட்டு எனக்கு முன்னால் இருந்தவருக்கு வந்தது, எனக்குப் பின்னால் இருந்தவருக்குப் போனது. பாஸ்டர் என்னைக் கடந்து நடந்த விதத்தில் தவறிப்போனது போன்ற நடிப்பு கூட இல்லை.

வெளியே வந்தேன். ஷைனி கூட வந்தாள். ஆசீர் வரவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

ஆசீர் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார், "நீ சொன்னதுல தப்பில்ல. சொன்ன இடந்தான் தப்பு."

"எந்த இடத்துல சொல்லியிருக்கணும்?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

டிசம்பர் 5, வியாழன்

பாஸ்டரம்மா தெருவில் என்னைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் மாறினார். பின்பெஞ்சுப் பெண்களில் இரண்டு பேர் போன் செய்தார்கள். ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி, எப்சிபா எந்த ஷிஃப்டில் இருப்பாள், போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். நீ போவதானால் அவளுக்காகப் போ, உனக்காகப் போகாதே என்றேன். எனக்கே அது இப்போதுதான் தெரியும்.

டிசம்பர் 8, ஞாயிறு

எப்சிபா வீட்டுக்குப் போனேன். மாடியில் இரண்டு அறை. ஷைனி கீழே வண்டியோடு நின்றாள். கதவைத் திறந்தவள் உள்ளே கூப்பிடவுமில்லை, போ என்று சொல்லவுமில்லை. யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

"கேள்விப்பட்டேன்," என்றாள். "நாலு பேரு போன் பண்ணிட்டாங்க. ஒம்பது வருஷமா பண்ணாதவங்க."

"மன்னிப்பு கேக்க வரல."

"பின்ன?"

"நான் செய்ய வேண்டியது இன்னும் ஏதாவது இருந்தா சொல்லு. செய்யுதேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.  பிறகு அலமாரியில் இருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"சபையில சொன்னது பாட்டு சத்தத்துல போயிரும். எழுதித் தாங்க."

உட்கார்ந்து எழுதினேன். "எப்சிபாவைக் குறித்துச் சில தவறான புரிதல்களால்..." என்று ஆரம்பித்தேன். அவள் தோளுக்கு மேலிருந்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

"புரிதலா? என்ன புரியாமப் போச்சு உங்களுக்கு?"

அடித்தேன். "அவசரத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தை..." என்று எழுதினேன்.

"அவசரம் ஒம்பது வருஷம் இருக்குமா?"

அதையும் அடித்தேன். தாள் அசிங்கமாகிவிட்டது. அவள் புதுத் தாள் கொடுத்தாள்.  பிறகு எழுதினேன்:

"எப்சிபா தன் பிள்ளையைக் கலைக்கவில்லை. அது தானாகக் கலைந்தது. அவள் கலைத்தாள் என்று நான் சொன்னேன். நான் சொன்னது பொய். பொய் என்று தெரிந்தே சொன்னேன். அவளை எல்லோர் முன்னும் இழுத்து அவமானப்படுத்தியதை நியாயப்படுத்த அப்படிச் சொன்னேன்."

"பேரு போடுங்க. முழுப் பேரு. தேதி."

போட்டேன். அவள் தாளை எடுத்து நின்றபடியே வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாலாக மடித்தாள்.

"இது யாருக்கு?" என்று கேட்டேன். சபைக்கா, அவனுக்கா, கோர்ட்டுக்கா என்று நினைத்தேன்.

"அம்மாவுக்கு," என்றாள். "ஒம்பது வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். அது நெசமா பொய்யான்னு அவங்க என்ட்ட ஒரு தடவ கூட கேக்கல. கேக்க பயம். நானும் சொல்லல. கேக்காதவங்கட்ட என்ன சொல்ல?"

உள் அறைக் கதவைத் தட்டினாள். "எம்மா, எந்திச்சு உக்காரு. கண்ணாடியப் போடு. இல்லேன்னா வேண்டாம், நானே வாசிக்கேன்."

கதவு பாதி திறந்து கிடந்தது. என்னைப் போகச் சொல்ல அவளுக்கு நினைவில்லை. அவள் சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக, நான் எழுதியதை வாசிக்க ஆரம்பித்தாள். என் பெயர்வரைக்கும், தேதிவரைக்கும் நின்று கேட்டேன். அதன்பிறகு உள்ளே ஒரு வயதான குரல் அழுதது. நான் படி இறங்கினேன்.